ஆற்றங்கரை ஓவியமும் வரலாற்றுச் சான்றும்

காங்கேசன்துறைப் பகுதியிற் பெய்யும் மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே நிலத்துள் இறங்கி, கீரிமலையிற் கடலோரத்தே ஊற்றாய் வெளிப்படுகின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. ஆற்றங்கரை வாழ்வை நூலாலும் ஓவியத்தாலும் அறியும் இந்நிலத்தார்க்கு, அவ்வோவியம் எத்துணை நம்பத்தக்கது என்னும் வினா எழுதல் இயல்பே.

19ஆம் நூற்றாண்டின் புகழ்மிக்க ஆற்றங்கரைக் காட்சிகளுள் ஒன்று, ஆங்கிலேயரான ஜோன் கொன்ஸ்டபிள் தைலவண்ணத்தில் தீட்டிய 'உலர்புல் வண்டி'. அது 1821இல் இலண்டன் அரச கலைக்கழகத்திற் காட்சிக்கு வைக்கப்பெற்றது. 1824இற் பாரிஸ் நகரிற் பொற்பதக்கம் பெற்றது. ஸ்டூர் ஆற்றின் ஆழமற்ற நீரிலே குதிரைகள் பூட்டிய வெற்று வண்டி, இடப்புறத்தே ஒரு குடியானவன் வீடு, கரையில் ஒரு நாய், தொலைவிற் புல்லறுப்போர். அமைதியே உருவெடுத்தாற் போன்ற காட்சி அது.

இடம் மெய்யானதே, அங்குள்ள ஆலை ஓவியரின் தந்தைக்கு உரியது. ஆயினும், முன்னர் வரைந்த குறிப்புப் படங்களைக் கொண்டு இலண்டனில் இருந்தே அவர் இதனைத் தீட்டினார். அக்கால நாட்டுப்புற நிலையோ வேறு. 1815இல் நெப்போலியப் போர் முடிந்தபின் வேலையின்மையும் வறுமையும் பெருகின. 1816இலும் 1822இலும் கிழக்கு இங்கிலாந்தின் உழவுத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர், போர்களுக்குத் தீயிட்டனர், சூடடிக்கும் பொறிகளை உடைத்தனர்.

ஓவியத்தில் இக்கொந்தளிப்பின் சுவடும் இல்லை. அதனால் ஓவியம் பொய்யாகிவிடாது. வண்டியின் அமைப்புக்கும் வீட்டின் தோற்றத்துக்கும் அது நற்சான்று. உழைப்போரின் வாழ்வுநிலைக்கு அன்று. ஓவியம் காட்டியதை ஏற்று, காட்டாததை ஆவணங்களிலே தேடுதல் வரலாற்று மாணவனின் கடனாகும்.