வட்டமும் பட்டமும்: வண்டிக்குதிரைப் பந்தயத் தடங்களின் கதை

பந்தயக் குதிரை என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது, முதுகில் வீரனைச் சுமந்து நாலுகால் பாய்ச்சலில் விரையும் குதிரைதான். இக்கட்டுரை வேறொரு குதிரையைப் பற்றியது. நம்மூர் ரேக்ளாவை நினைவூட்டும் 'சல்கி' என்னும் இருசக்கர வண்டியை இழுத்தோடும் குதிரை அது. பாய்ந்து ஓட அதற்கு அனுமதி இல்லை. வல முன்காலும் இடப் பின்காலும் சேர்ந்து நகர, மறு இணை அதனைத் தொடரும் 'டிராட்'. ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து நகரும் 'பேஸ்'. பந்தயத்திற்குரிய நடையைக் குதிரை பிறழாது காக்கவேண்டும். பிறழ்ந்தால் ஓட்டுபவர் கடிவாளத்தை இழுத்து வேகத்தைத் தணித்தாக வேண்டும். சீர் தப்பினால் தண்டனை என்னும் இவ்விதி, வகுப்பில் யாப்பிலக்கணம் கற்பிக்கும் எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் இக்குதிரை இனத்திற்கு 'ஸ்டாண்டர்ட்பிரெட்' என்று பெயர். 1879ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒரு மைலை 2 நிமிடம் 30 நொடிக்குள் கடப்பது இனப் பதிவேட்டில் இடம்பெறுவதற்குரிய தகுதிகளுள் ஒன்றாயிற்று. குலத்தைக் கடிகாரம் நிர்ணயித்தது என்றே சொல்லலாம். அவ்வாறாயின் இன்னொரு வினா உடனே எழுகிறது: அந்த மைல் எத்தகைய தடத்தில் ஓடப்பட்டது?

இவ்வினா வெறும் ஐயம் அன்று. 1885இல் கிளீவ்லாந்து நகரின் நீள்வட்டத் தடத்தில் மாட் எஸ். என்னும் பெண்குதிரை ஒரு மைலை 2 நிமிடம் 8¾ நொடியில் கடந்தது. அப்புகழ் ஆறு ஆண்டுகள் அசையாமல் நின்றது. இதற்கிடையில், 1890ஆம் ஆண்டை ஒட்டி அயோவா மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் என்னும் சிற்றூரில் சார்லஸ் வில்லியம்ஸ் என்பவர் புதுவகைத் தடம் ஒன்றை அமைத்தார். மூன்றில் ஒரு பங்கு மைல் நேர்கோடு, அதே அளவில் ஒரே வளைவு, மீண்டும் அதே அளவில் நேர்கோடு. மேலிருந்து நோக்கினால் காற்றாடிப் பட்டம் போன்ற வடிவம். நீள்வட்டத்தில் ஒரு மைலுக்கு இரண்டு திருப்பங்கள். பட்டத் தடத்தில் ஒன்றே ஒன்று. திருப்பம் குறைந்தால் வேகம் மிகும்.

1891இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலிருந்த பட்டத் தடத்தில் சுனோல் என்னும் குதிரை 2 நிமிடம் 8¼ நொடியில் ஓடி மாட் எஸ்.ஸின் சாதனையை முறியடித்தது. வென்றது குதிரையா, தடமா? அரை நொடி வேறுபாட்டை வைத்துக்கொண்டு இதற்கு எவரால் விடை சொல்லமுடியும்? மறு ஆண்டே காற்றடைத்த சக்கரங்கள் பூட்டிய சல்கி வந்தது. நான்சி ஹாங்க்ஸ் என்னும் குதிரை டெரே ஹோட் நகரின் வழக்கமான நீள்வட்டத்திலேயே 2 நிமிடம் 4 நொடியில் ஓடிக் காட்டியது. இப்போது குதிரையா, தடமா என்பதோடு சக்கரமா என்பதும் சேர்ந்துகொண்டது!

பட்டத் தடங்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. தொடக்கமும் முடிவும் அரங்கின் முன் நிகழ்ந்தாலும், இடைப்பட்ட ஓட்டம் தொலைவில் புள்ளியாய்த் தேய்ந்துபோயிற்று. கடிகாரத்திற்கு உகந்த தடம் கண்ணுக்கு உகந்ததாக இல்லை.

கண்ணுக்கு உகந்தது அரைமைல் தடமே. அமெரிக்கக் கிராமப்புறச் சந்தைத் திடல்களில் அது எளிதாக அடங்கியது. குதிரைகள் மக்கள் முன் இருமுறை கடந்துசெல்லும். நியூயார்க் மாநிலத்தின் கோஷன் ஊரிலுள்ள பழம்பெரும் தடம் இவ்வகையினது. ஓஹையோவின் டெலவேர் ஊரில் 1946 முதல் நடைபெறும் 'லிட்டில் பிரவுன் ஜக்' பந்தயமும் அரைமைல் தடத்தில்தான். ஒரு மைலுக்கு நான்கு திருப்பங்கள் என்பதால், உள்வேலியோரம் புறப்படும் குதிரைக்கு அங்கே ஆதாயம் அதிகம். இதற்கு மாறாக, கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் 1875இல் திறக்கப்பட்ட 'ரெட் மைல்', பெயருக்கேற்பச் செம்மண் நிறங்கொண்ட முழுமைல் தடம். அதிவேகச் சாதனைகளுக்குப் பெயர்பெற்றது.

அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் அளவுகோலே மாறிவிடுகிறது. சுவீடனில் 1927இல் தொடங்கிய சொல்வல்லா தடத்தின் சுற்றளவு 1000 மீட்டர். அங்கே வேகத்தை மைலுக்கு அன்று, கிலோமீட்டருக்கு இத்தனை நொடி என்று குறிக்கிறார்கள். ஆயினும் அத்தடத்தின் புகழ்பெற்ற 'எலிட்லோப்பெட்' பந்தயத்தின் தூரம் 1609 மீட்டர், அதாவது ஒரு மைல்! பாரிஸின் வான்சென் தடமோ சமதளமே அன்று. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுற்றுடைய பெருந்தடத்தில் இறக்கமும் அடுத்து ஏற்றமும் உண்டு. 1920இல் தொடங்கிய 'பிரி டமேரிக்' பந்தயம் இன்று அங்கே 2700 மீட்டருக்கு ஓடப்படுகிறது. வேகம் மட்டும் போதாது. ஏற்றத்தில் மூச்சும் தாங்கவேண்டும். வட அமெரிக்காவில் இடஞ்சுழியாக ஓடும் குதிரைகள், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள அலெக்சாண்ட்ரா பூங்காவில் வலஞ்சுழியாக ஓடவேண்டும்.

இத்தனை வேற்றுமைகளுக்கிடையே எந்தக் குதிரை சிறந்தது? அமெரிக்கர்கள் கண்ட தீர்வு எளிமையானது. அரைமைல், ஐந்தில் எட்டு அன்று, எட்டில் ஐந்து மைல், முழுமைல் எனத் தடத்தின் அளவுக்கேற்பச் சாதனைகளைத் தனித்தனியே பதிந்துவைத்தனர். எண்ணின் அருகில் அது பிறந்த மண்ணையும் எழுதினால்தான் அளவு நேர்மையாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியல்களில் கையொப்பமிடுகின்றவன் நான். ஒரே திருப்பமுள்ள தடத்தில் ஓடிவந்த பிள்ளையும், நான்கு திருப்பங்களில் திணறி ஏற்றத்தில் மூச்சிரைத்து வந்த பிள்ளையும் அங்கே அடுத்தடுத்த வரிகளில் நிற்கிறார்கள். தடத்தைக் குறிப்பதற்கு அப்பட்டியலில் ஒரு பத்தி கூட இல்லை.