பெங்களூரின் காற்று: காவிரி மின்சாரம் முதல் வாகனப் புகை வரை

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேல் அமைந்த நகரம். மிதமான குளிரும் லால்பாக், கப்பன் பூங்கா போன்ற சோலைகளும் சுற்றிலும் இருந்த ஏரிகளும் அதற்கு ஓய்வூதியக்காரர்களின் ஊர் என்ற பெயரைத் தந்தன. 1898-இல் பிளேக் பரவியபோது, நெரிசல் மிகுந்த பேட்டைப் பகுதிக்கு மாற்றாக, காற்றோட்டமான அகலத் தெருக்களுடன் பசவனகுடியும் மல்லேசுவரமும் உருவாயின.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆலைகளோடு நிலக்கரிப் புகையும் பெருகியது. பெங்களூர் பெருமளவுக்கு அதிலிருந்து தப்பியது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் காவிரியில் திட்டமிடப்பட்ட சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-இல் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. 1905-இல் அதே மின்சாரத்தில் பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தன. பின்னர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பாரத் எலக்ட்ரானிக்ஸ் (1954) என வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தபோதும், நகருக்குள் நிலக்கரி அனல்மின் நிலையம் எழவில்லை.

காற்றைக் கெடுத்தது சாலைதான். 1980-களுக்குப் பின் மக்கள்தொகை பெருகியது. எலக்ட்ரானிக் சிட்டியும் ஒயிட்ஃபீல்டும் வளர்ந்ததில் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான தொலைவு நீண்டது. பேருந்தும் ரயிலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காததால் ஸ்கூட்டரும் காரும் பெருகின. பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் நீலப் புகை கக்கின. எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரி 2010-இல் அளித்த ஆய்வு, நகரில் உமிழப்படும் பி.எம். 10 எனும் நுண்துகள்களில் 42 சதவீதம் போக்குவரத்திலிருந்தும் 20 சதவீதம் சாலைப் புழுதியிலிருந்தும் வருவதாகக் கணக்கிட்டது. கட்டுமானத் தூசு, ஆலைகள், மின்வெட்டின்போது ஓடும் டீசல் ஜெனரேட்டர்கள் ஆகியவை எஞ்சியதில் பெரும்பங்கு வகித்தன.

நகரின் மாசில் ஏரிகளும் சிக்கின. சுத்திகரிக்காத கழிவுநீர் கலந்த பெல்லந்தூர் ஏரியில் சோப்பு நுரை பொங்கிச் சாலைகளில் பறந்தது. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் ஏரியே தீப்பற்றிப் புகைந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே சீரமைப்பு வேகம் பெற்றது.

காற்றில் கலந்த துகள்களில் மிக நுண்ணியவையான பி.எம். 2.5 நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு அவை காரணமாகின்றன. சந்திப்புகளில் நாள்முழுதும் நிற்கும் போக்குவரத்துக் காவலர்களும் சாலையோர வியாபாரிகளும் ஆட்டோ ஓட்டுநர்களும் இவற்றை மிகுதியாகச் சுவாசிக்கின்றனர். இலைகளில் படியும் புழுதி மரங்களின் ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது.

கட்டுப்பாடுகள் படிப்படியாக வந்தன. 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2000-இல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஆட்டோக்கள் எல்.பி.ஜி.க்கு மாறின. மெட்ரோ ரயில் 2011 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் பெங்களூரும் இடம்பெற்றது. 2020 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்கு பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் கட்டாயமானது. ஒவ்வொரு வண்டியும் கக்கும் புகை குறைந்தாலும் நகரில் வண்டிகளின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்டது.

அண்மை ஆண்டுகளில் நகரின் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 மைக்ரோகிராம். இந்திய வரம்பான 40-க்குள் இது அடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 5 என்ற அளவோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆறு மடங்கு.