அரைப்படி நெல்லும் ஒரு கூலிச் சட்டமும்

கூலியை ஏற்றினால் தொழில் நொடிந்துவிடும், வேலை போய்விடும், கடைசியில் அவதிப்படுவது ஏழைதான் என்று சொல்லக் கேட்கிறோம். கீழத்தஞ்சையின் கூலி வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இந்த வாதத்தின் வயது நமக்குப் புரியும்.

குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர், அன்று தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர். 1948இல் அது சட்டமானது. விவசாயக் கூலிகளும் அதன் அட்டவணையில் இடம்பெற்றார்கள். ஆனால் அவர்களின் கூலியை நிர்ணயிக்கும் பொறுப்பு மாநில அரசுகளிடம் இருந்தது.

1952இல் ராஜாஜி அரசு தஞ்சை மாவட்டத்துக்கென்று சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளுக்குக் கூலியும் வேலைப் பாதுகாப்பும் தர வேண்டும் என்றது சட்டம். மிராசுதார்கள் பலர் பண்ணையாளை நிறுத்திவிட்டு, அதே வயலுக்கு அன்றாடக் கூலியாக ஆள் கூப்பிட்டார்கள். நடவும் அறுப்பும் நின்றுவிடவில்லை. பறிபோனது உழைப்பவரின் பாதுகாப்பு.

1960களில் ஆடுதுறை 27 போன்ற புதிய ரகங்கள் வந்து விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் தங்கள் பங்கைத் தொழிலாளர்கள் கேட்டார்கள். அரைப்படி நெல் கூடுதல் கூலி என்றே அந்தக் கோரிக்கையை மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கமோ செங்கொடியை இறக்கச் சொன்னது. அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் இறக்கப்பட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அதன் பிறகுதான் கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது. 1969இல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, விளைச்சல் கூடிய காலத்திலும் கூலி உயர்வு மறுக்கப்பட்டது. ஆகவே ‘தொழில் தாங்காது’ என்று யாராவது சொன்னால், கணக்கைக் காட்டச் சொல்வோம். இரண்டாவது, ஒரு வட்டாரத்துக்கு மட்டும் கூலி நிர்ணயித்தால் எல்லைக்கு அப்பாலிருந்து குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவர முடியும். பண்ணையாளுக்கு மட்டும் பாதுகாப்பு தந்தால் பண்ணையாள் என்ற பெயரையே எடுத்துவிட முடியும். நிலமும் சங்கமும் இல்லாதவரிடம் சட்டம் தாளாகவே வந்து சேர்கிறது.

சட்டத்தைக் கேட்டு வாங்குவோம், தோழர்களே. அதை வயலில் அமல்படுத்தும் சங்கத்தையும் சேர்த்தே கட்டுவோம்.