ஒரு அம்மா தொடங்கிய பள்ளிக்கூடம்

நான் பத்தாவது வரை படிச்சவ. மலருக்கு ஒரு வரலாறு எழுதுங்கன்னு கேட்டாங்க. ராஜா ராணி கதை எனக்குத் தெரியாது. ஒரு அம்மா டீச்சரான வரலாறை எழுதுறேன்.

1966-ல் கொல்கத்தாவில் மிது அலுர் என்பவருக்கு மாலினி என்ற பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தின்போது ஆக்சிஜன் சரியாகக் கிடைக்காமல் குழந்தையின் மூளை பாதிச்சிருச்சு. கை, கால், பேச்சு எதுவும் அவள் நினைச்சபடி வராது. இதை மூளை முடக்குவாதம் என்கிறார்கள். இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. ஆனால் பிள்ளைக்குப் புத்தி நல்லா இருக்குன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? லண்டனுக்குக் கூட்டிப் போய்ப் பள்ளியில் சேர்த்தார். தானும் அங்கே சிறப்புக் கல்வி படித்தார்.

திரும்பி வந்தால், மாலினிக்கு ஏற்ற பள்ளி மும்பையில் இல்லை. அதனால் 1972-ல் மூன்றே பிள்ளைகளோடு மிது அலுர் தானே ஒரு பள்ளி தொடங்கினார். பாடம் ஒரு இடம், சிகிச்சை ஒரு இடம்னு அம்மாமார் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே கிடைச்சுது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1989-ல் அரசு அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தது. பிறகு, இந்தப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கணும்னு பாடுபட்டார். மாலினி கல்லூரிப் படிப்பு முடித்து, ஒரே ஒரு சுண்டு விரலால் தட்டித் தட்டித் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். அது 2010-ல் வந்தது.

நம்ம சென்னையிலும் 1985-ல் பூனம் நடராஜன் இதே மாதிரி ஒரு பள்ளி தொடங்கினார். இன்னைக்கு அதுக்கு வித்யா சாகர்னு பேரு. அவரும் இப்படி ஒரு பிள்ளைக்குத் தாய்தான். இப்போ 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 6 முதல் 18 வயது வரை இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே இலவசமாகப் படிக்க உரிமை இருக்கு.

இதை எழுதும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. எங்க குழுவில் ஒரு அக்காவுக்கு நடக்க முடியாத மகன். மூணு கூட்டத்துக்கு அவங்க வரலை. அபராதம் போட்டோம். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதினது நான்தான். பையனை யார்கிட்ட விட்டுட்டு வருவாங்கன்னு ஒருத்தரும் கேட்கலை.

அப்புறம் அந்த அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துட்டோம். இப்போ மாசத்தில் ஒரு கூட்டம் அவங்க வீட்டுத் திண்ணையில் நடக்குது. பையனும் நடுவில் உட்கார்ந்து சேமிப்புக் காசை எண்ணுறான். பள்ளியில் சேர்க்கத் தலைமை ஆசிரியரைப் பார்க்க நாலு பேர் கூடப் போனோம். தனியாப் போன அம்மாவுக்கு, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'னு பதில் வந்துச்சு. நாலு பேராப் போனப்போ விண்ணப்பம் கொடுத்தாங்க.

உங்க குழுவிலும் கூட்டத்துக்கு வராத ஒரு அம்மா இருப்பாங்க. அபராதம் எழுதுறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ப் பாருங்க.