மதுரையா, தூத்துக்குடியா?



போன மாதம் ஒரு நாள் விடிகாலையில் டெல்லியிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சிவகாசியில் அப்பா தவறிவிட்டார். "சார், சென்னை வந்துட்டு மதுரைக்கு மாறுறதா, தூத்துக்குடிக்கு மாறுறதா? எதுல வந்தா சீக்கிரம் வீட்டுக்கு வரலாம்?" ஒன்பதாம் வகுப்பில் அட்சரேகைக் கணக்குக்குப் பயந்து பின்பெஞ்சில் ஒளிந்தவன் கேட்ட கேள்வி அது.

சென்னையிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 415 கி.மீ., தூத்துக்குடி சுமார் 525. வித்தியாசம் 110 கிலோமீட்டர்தான். ஏடிஆர் மாதிரி விசிறி விமானத்துக்கு அது கால் மணி நேரம்கூட இல்லை. வித்தியாசம் தரையில்தான். மதுரை விமான நிலையத்திலிருந்து சிவகாசி 70 கி.மீ. போல. வாகைக்குளத்திலிருந்து நூற்றுக்கு மேல். அந்தத் தரைத்தூரம் முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். "மதுரைக்கு வாப்பா" என்றேன்.

போனை வைத்தபின் பழைய கதைகள் ஞாபகம் வந்தன. இந்த இரண்டு ஊர்களையும் ரயில் 1876-லேயே இணைத்துவிட்டது. விருதுநகரும் (அன்று விருதுபட்டி) சாத்தூரும் அந்தப் பாதையில் இருந்தன, சிவகாசி இல்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா புறப்பட்டபோது உள்ளூரில் ரயிலே கிடையாது. பக்கத்து ஊர் போய்த்தான் ஏற வேண்டும். எட்டு மாதம் அங்கே தங்கிக் கற்று வந்தார்கள். சிவகாசி வழியாகத் தென்காசிக்கு ரயில் வந்தது 1927-இல்.

வாகைக்குளத்தில் விமான நிலையம் வந்தது 1992-இல். ஓடுபாதை வெறும் 1,350 மீட்டர். பெரிய ஜெட் இறங்க வழியில்லை, பல ஆண்டுகள் சிறிய விமானங்களே ஓடின. இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்துவிட்டார்கள். மதுரையிலிருந்து 2012-லேயே கொழும்புக்கு வெளிநாட்டு விமானம் பறந்தது.

ஒரு வேடிக்கை. மதுரை, தூத்துக்குடி நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 124 கி.மீ.தான். பறந்தால் அரை மணி. ஆனால் நேரடி விமானம் இல்லை. விமானத்தில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் சென்னை வழியாகச் சுற்றினால் 940 கி.மீ. பறக்க வேண்டும்! காரில் போனால் இரண்டரை மணி நேரம்.

நம்மூர்ச் சரக்குக்கோ இரண்டு நிலையங்களாலும் பிரயோஜனமில்லை. காலண்டரையும் டைரியையும் பெட்டியில் வைத்துப் பறக்கலாம். ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பை வைத்தால் பிடித்துவிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துப்போக நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறேன்.

அந்த மாணவன் மதியம் மதுரையில் இறங்கி, நான்கு மணிக்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். தேர் கட்டி முடித்திருந்தார்கள். எடுப்பதற்கு முன் அப்பா முகத்தைப் பார்த்தான்.