பாதிரி, தூம்பா, கல்லறை

எங்க ஊர் பேரைச் சொன்னா வெளியூர்க்காரங்க கேக்குற முதல் கேள்வி: "திருப்பாதிரிப்புலியூரா? அங்க பாதிரியாருங்க ஜாஸ்தியோ?"

இல்லீங்கண்ணா. இந்தப் பாதிரி ஒரு மரம். பாடலீஸ்வரர் கோவிலோட தல விருட்சம். ஏழாம் நூற்றாண்டுலயே அப்பர் இங்க வந்து பதிகம் பாடிட்டார். பாதிரியார்ல இருக்குற பாதிரி, போர்த்துக்கீசியர்களோட 'பாத்ரே'. அப்பான்னு அர்த்தம். வாஸ்கோடகாமா கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கினதே 1498லதான். ஸ்பெல்லிங் ஒண்ணு, பூர்வீகம் வேற :-)

இந்த விளக்கத்தை நூறு தடவை சொன்ன நான், ரெண்டாவது பாதிரியோட கூட வந்த வார்த்தைகள் ஒண்ணும் தெரியாதவன்னு போன நவம்பர்லதான் புரிஞ்சுது. கூடப் படிச்ச நண்பனோட அப்பா தவறிட்டார். ஆணி புடுங்கறதை அப்படியே போட்டுட்டு பெங்களூர்லேர்ந்து ராத்திரி பஸ் பிடிச்சு வந்தேன். வாசல்ல அவனோட பெரியப்பா போன்ல பேசிக்கிட்டிருந்தார். "தூம்பா கிளம்பிடுச்சா? குழி மந்திரிக்க சாமியார் எத்தனை மணிக்கு வர்றாராம்?"

ஒண்ணும் விளங்கல. வருஷா வருஷம் அவங்க வீட்டு கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டவன், சாவு வீட்டுல ஒரு வார்த்தை புரியாம முழிச்சுக்கிட்டு நின்னேன்.

எல்லாம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு பெரியப்பாகிட்டயே கேட்டேன். அவர் சொன்னதும், பிறகு நான் தேடிப் படிச்சதும் சேர்த்து இங்க.

தூம்பா: பிணத்தைத் தூக்கிட்டுப் போற பாடை அல்லது வண்டி. போர்த்துக்கீசிய 'தும்பா'தான் மூலம். ஆங்கிலத்துல கல்லறையைக் குறிக்கிற 'டூம்'பும் இதுக்குச் சொந்தக்காரன். ரெண்டுக்கும் பாட்டன் கிரேக்கம். "அந்தக் காலத்துல பெட்டி செய்ய வசதியில்லாதவங்களை தூம்பாவுலயே கொண்டு போய், துணியோட குழியில இறக்கிடுவோம் தம்பி. தூம்பா காலியா கோவிலுக்குத் திரும்பிடும். அது ஊருக்கே பொது" என்றார் பெரியப்பா.

மந்திரிப்பு: தீர்த்தம் தெளிச்சு, ஜெபம் சொல்லி ஆசீர்வதிக்கிறது. குழியையும் மந்திரிப்பாங்க.

அவஸ்தைப் பூசுதல்: சாகக் கிடக்கிறவங்களுக்கு எண்ணெய் பூசுற சடங்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) அப்புறம் பேர் 'நோயில்பூசுதல்' ஆயிடுச்சு. பூசை திருப்பலி ஆச்சு, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆச்சு. பெரியவங்க வாயில இன்னும் பழசுதான்.

உத்தரிக்கிற ஸ்தலம்: மோட்சத்துக்குப் போறதுக்கு முன்னால ஆத்மா சுத்தமாகிற நிலை. அங்க இருக்கிறவங்களுக்காக வேண்டிக்கிற நாள்தான் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சுமார் ஆயிரம் வருஷம் முன்னாடி பிரான்ஸ்ல க்ளூனி மடத்து அதிபர் ஓதிலோ ஆரம்பிச்சு வெச்ச வழக்கம்.

கல்லறைத் தோட்டம்: ஏசுவைப் புதைச்ச இடமே ஒரு தோட்டம்னு யோவான் நற்செய்தி சொல்லுது. 'செமிட்ரி'யோட கிரேக்க மூலத்துக்கு அர்த்தம் தூங்குற இடம்.

சரி, இந்தத் தோட்டத்துல யாருக்கு இடம் இல்ல? 1917 திருச்சபைச் சட்டத் தொகுப்புல ஒரு லிஸ்ட் இருந்தது. தெரிஞ்சே தற்கொலை பண்ணிக்கிட்டவங்களுக்கு கிறிஸ்தவ அடக்கம் கிடையாது. 1983ல வந்த புதுத் தொகுப்பு அதை எடுத்துடுச்சு. எரிக்கிறதுக்கு இருந்த தடையும் 1963லயே தளர்ந்தாச்சு. இப்ப இருக்குறது மூணே கண்டிஷன். விசுவாசத்தை வெளிப்படையா விட்டுட்டுப் போனவங்க, விசுவாசத்துக்கு எதிரான காரணத்துக்காகவே எரிக்கச் சொன்னவங்க, ஊரறிஞ்ச பாவிகள். அதுலயும் சாகுறதுக்கு முன்னால மனம் திரும்பின அடையாளம் தெரிஞ்சா தடை இல்ல.

பொட்டி தட்டுறவன் புத்தி, கோடு படிக்கிற மாதிரி ரெண்டு தடவை படிச்சேன். சாதின்னு ஒரு கண்டிஷன் எங்கயுமே இல்ல.

இதை பெரியப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "எறையூர் தெரியுமா தம்பி?" என்றார்.

உளுந்தூர்பேட்டை பக்கம். அப்போ விழுப்புரம் மாவட்டம், இப்போ கள்ளக்குறிச்சி. எங்க கடலூரும் எறையூரும் ஒரே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டம்தான். அங்க தலித் கிறிஸ்தவங்களும் வன்னிய கிறிஸ்தவங்களும் ஒரே மதம், ஒரே மாதா. ஆனா செத்தா தனிக் கல்லறை, தனித் தூம்பா, தனி வழின்னு தலித் மக்கள் பல வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாங்க. தங்களோட சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக அங்கீகரிக்கணும்னும் கேட்டாங்க. 2008 மார்ச் 9 அன்னிக்கு அது கலவரமா வெடிச்சுது. தலித் மக்களோட வீடுகள் தாக்கப்பட்டுச்சு. போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல வன்னிய கிறிஸ்தவங்க ரெண்டு பேர் செத்தாங்க. திருச்சி மேலப்புதூர் கல்லறையில தலித்துகளையும் மத்தவங்களையும் பிரிச்ச சுவரும் பல வருஷம் செய்தியில அடிபட்டது. கடைசியா 2016 டிசம்பர்ல, இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு தலித் கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள்ள சாதிப் பாகுபாடு இருக்குன்னு எழுத்துலயே ஒப்புக்கிச்சு.

'இது அவங்க பிரச்சினை'ன்னு நாம நழுவ முடியாது. தூம்பா கப்பல்ல வந்தது. தனித் தூம்பா நாம இங்கயே செஞ்சு கொடுத்தது. நம்ம சுடுகாட்டுப் பாதைகளை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க, புரியும்.

கிளம்பும்போது பெரியப்பா சொன்னதோட முடிச்சுக்கறேன். "எங்க பங்குல ஒரே தூம்பாதான் தம்பி. என் தம்பிக்கு முன்னால அதுல யார் போனாங்க, அடுத்தது யாருன்னு நாங்க யாரும் கேக்கறதில்ல. அந்தப் பழக்கம் இப்படியே இருக்கணும்."

உங்க ஊர்ல தூம்பாவுக்கு என்ன பேர்? முக்கியமா, எத்தனை தூம்பா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.