எழுத்து வரிசையும் இடைமுக நிரலகங்களும்: ஒரு சிறு வரலாறு

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் குறியேற்றங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தரநிலைகளும் அரசாணைகளும் ஆவணங்களாகக் கிடைப்பது அதற்கொரு காரணம். அக்குறியேற்றங்களைத் திரையில் எழுத்தாகக் காட்டிய வரைகலை இடைமுக நிரலகங்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

1991இல் டெல்லியிலுள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனம், இஸ்கி குறியேற்றத்தை ஐஎஸ் 13194 என்னும் தரநிலையாக வெளியிட்டது. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு ககரத்தின் இடப்புறமும் கால் வலப்புறமும் நிற்கின்றன. இஸ்கியோ அதனை ஒலிக்கும் வரிசையில், மெய் முன்னும் உயிர் பின்னுமாகச் சேமித்தது. ஒருங்குறியும் அம்முறையையே மேற்கொண்டது. தேடலுக்கும் அகரவரிசைக்கும் ஏற்றதாகிய இம்முடிவு மொழியியல் நோக்கில் பொருத்தமானதே. ஆயின், ஒலி வரிசையைக் காட்சி வரிசையாக மாற்றும் பணியை ஏதேனும் ஒரு நிரல் செய்தாக வேண்டும்.

தொடக்கத்தில் சிடாக்கின் ஜிஸ்ட் அட்டை என்னும் வன்பொருள் அதனைச் செய்தது. தொண்ணூறுகளின் இறுதியில் புழங்கிய திஸ்கி, டாப் முதலிய குறியேற்றங்கள் காட்சி வரிசையிலேயே சேமித்தமையால், அவற்றுக்கு எந்த இயங்குதளத்திலும் உரிய எழுத்துருவே போதுமானதாக இருந்தது. ஒருங்குறிக்கு அது போதவில்லை.

இதற்கு ஓபன் ஆபிஸ் தக்க சான்று. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் விண்டோஸ், ஓஎஸ்/2, மேக்கின்டாஷ், யூனிக்ஸ் ஆகியவற்றுக்குப் பொதுவாக ஸ்டார்வியூ என்னும் இடைமுக வகுப்பு நிரலகத்தை உருவாக்கியது. அதன் வழித்தோன்றலான விசிஎல் என்பதன்மீதே ஓபன் ஆபிஸின் இடைமுகம் அமைந்தது. சாளரமும் பட்டியும் பொத்தானும் இவ்வாறு தளம்விட்டுத் தளம் பெயர்ந்தன. தமிழ் எழுத்தைக் கோக்கும் பணி மட்டும் விண்டோஸில் யூனிஸ்கிரைபிடமும் லினக்ஸில் ஐசியு நிரலகத்திடமும் விடப்பட்டது. 2005இல் நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை சென்னையில் வெளியிட்ட தமிழ் மென்பொருள் குறுவட்டில் ஓபன் ஆபிஸின் தமிழ்ப் பதிப்பும் இருந்தது. அப்பதிப்பில் ஒரே கோப்பு, ஒரே எழுத்துரு எனினும், இயங்குதளத்துக்கு இயங்குதளம் எழுத்து உருவாகும் வழி வேறாக இருந்தது. விளைவும் வேறுபட இடமிருந்தது.

இதே பணிக்காகக் க்யூட் நிரலகமும் ஜிடிகேயின் பாங்கோவும் தனித்தனியே பேணிவந்த நிரல் பின்னர் ஹார்ஃப்பஸ் என்னும் பொது நிரலகமாயிற்று. ஓபன் ஆபிஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ் 2013இல் லினக்ஸிலும், 2017இல் 5.3 பதிப்பின்வழி எல்லாத் தளங்களிலும் அதனை ஏற்றது. 1991ஆம் ஆண்டின் தரநிலை முடிவு விட்டுச்சென்ற வேலை, இந்த ஒரு மென்பொருளில் தளவேறுபாடின்றி நிறைவேற 26 ஆண்டுகள் ஆயின.

இவ்வேலையைச் செய்த நிரலர்களுள் பலர் தமிழ் அறியாதவர்கள். நம் எழுத்து திரையில் எவ்வாறு நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. அத்தீர்மானங்கள் திறமூல நிரல்களின் மாற்றப் பதிவுகளில் நாள்வாரியாகக் கிடக்கின்றன. எழுத்தியல் பயிலும் மாணவர்கள் அவற்றையும் ஆவணக் காப்பகமாகக் கருதி வாசிக்கத் தொடங்கவேண்டும்.